22-ஆம் நாளுக்கு யார் பொறுப்பு? நூலகத்தில் குஞ்சு பொரிக்க நான்கு வழிகள்

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான் இருக்கும். "உங்கள் வாசகசாலையில் கோழிக்குஞ்சு பொரித்தீர்களாமே, நாங்களும் செய்யலாமா, எந்த இன்குபேட்டர் வாங்கலாம்?" இந்த மாதம் மட்டும் இங்கே பெங்களூரிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கம்மனஹள்ளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மையார், லிங்கராஜபுரத்தில் வீட்டுத் தாழ்வாரத்தையே பிள்ளைகள் நூலகமாக்கியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், விவேக் நகரில் நண்பர்களோடு படிப்பகம் நடத்தும் இளைஞர். மூவருமே இன்குபேட்டரிலிருந்துதான் (முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் மின்பெட்டி) தொடங்கினார்கள். நானும் ஒரு காலத்தில் அங்கிருந்துதான் தொடங்கினேன், அதுதான் தவறு.

ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வாசகசாலை என்பது ஒரு கூடமும் அதன் பின்னால் கைக்குட்டை அகலத்தில் ஒரு முற்றமும். அதற்குள் ஒரு முறை முழுத் தோல்வி, ஒரு முறை பாதி வெற்றி, ஒரு முறை நல்ல வெற்றி என்று பார்த்தாயிற்று. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எதை வைத்து முடிவு செய்வது?

முதல் கேள்வி, குஞ்சு பொரித்த மறுநாள் அது எங்கே போகும் என்பது. முட்டை பொரிக்க 21 நாள். 22-ஆம் நாள் காலையில் உங்கள் கையில் பத்துப் பன்னிரண்டு உயிர்கள் இருக்கும். அவற்றில் ஏறக்குறைய பாதி சேவல். நாட்டுக்கோழிக் குஞ்சை முதல் நாளில் பார்த்து எது சேவல், எது பெட்டை என்று நம்மைப் போன்றவர்களால் சொல்ல முடியாது. சில மாதங்கள் கழித்து அதுவே விடியற்காலையில் கூவிச் சொல்லும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அன்றைக்கே சங்கத்தின் அவசரக் கூட்டம் நடக்கும்.

இரண்டாவது, இரவில் யார் இருக்கிறார்கள்? நூலகத்தைப் பூட்டலாம், முட்டையைப் பூட்ட முடியாது. மூன்றாவது, பிள்ளைகள் உண்மையில் எதைக் கண்ணால் காண்பார்கள்? நான்காவது, சுகாதாரம். ஐந்தாவது, ஏதாவது செத்துப்போனால் பிள்ளைகளிடம் யார், என்ன சொல்வது? பணத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். பெரும்பாலும் பணம் நாம் பயந்த இடத்தில் செலவாவதில்லை.

சுகாதாரத்தை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், கோழி சம்பந்தப்பட்ட எல்லா வழிக்கும் அது பொது. பார்க்க நன்றாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் குஞ்சைத் தொடவே வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. நாங்கள் அதை அப்படியே கடைப்பிடித்தோம். மற்றவர்கள் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது, அந்த அறையில் தின்பண்டம் கூடாது. பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால் யோசிக்காமல் நிறுத்திவிடுங்கள். 2012 அக்டோபரில் நம் ஹெசரகட்டாவில் உள்ள மத்திய அரசின் கோழிப் பண்ணையிலேயே அது வந்திருக்கிறது.

வழி 1: இன்குபேட்டரில் முழு 21 நாள்

எல்லோர் மனத்திலும் இருப்பது இதுதான். கண்ணாடி மூடி போட்ட பெட்டி, உள்ளே வரிசையாக முட்டைகள், பக்கத்தில் நாள்காட்டி.

முதல் ஆண்டு நாங்கள் சூப்பர் மார்க்கெட்டில் 'நாட்டு முட்டை' என்று எழுதியிருந்த பழுப்பு முட்டை 12 வாங்கி வைத்தோம். சேவல் சேராத முட்டையை எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் அது முட்டையாகவேதான் இருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. 7-ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் பன்னிரண்டும் விளக்குக் குமிழ் மாதிரித் தெளிவாக இருந்தன. பன்னிரண்டும் கூமுட்டை. ஒரு பையன் அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டான். ஒரு வாரம் எல்லோரையும் அப்படியே கூப்பிட்டான்.

அடுத்த ஆண்டு சேவல் உள்ள பண்ணையிலிருந்து வாங்கினோம். இந்த முறை வெப்பம் 37.5 டிகிரி (காற்றாடி உள்ள பெட்டிக்கு, காற்றாடி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் ஒரு டிகிரி கூடுதலாக வேண்டும்), முதல் 18 நாள் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, கடைசி மூன்று நாள் 65-க்கு மேல். முட்டையை நாளுக்கு மூன்று முறையாவது திருப்ப வேண்டும். 18-ஆம் நாளோடு திருப்புவதும் மூடியைத் திறப்பதும் நிற்க வேண்டும்.

இந்த வழியின் உண்மையான செல்வம் பொரிக்கும் நாள் அல்ல, டார்ச் அடிக்கும் நாள். விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சை முட்டையின் பருத்த முனையில் ஒட்டிப் பிடித்தால் உள்ளே ஆரஞ்சு வெளிச்சத்தில் சிலந்தி கால் பரப்பியது போல ரத்த நாளங்கள் தெரியும். நடுவில் கருப்பாக ஒரு புள்ளி, அது கண். எங்கள் பிள்ளைகள் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. பொரிக்கிற நாளில்கூட அப்படியொரு அமைதியை நான் பார்க்கவில்லை.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் மாங்காய் மழை இடியோடு வரும், மின்சாரம் இடியோடு போகும். அடை வைத்த கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு வைப்பார் என் பாட்டி. இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுவிடுமாம். சிரித்திருக்கிறேன். இன்குபேட்டர் வைத்த பிறகு ஒவ்வொரு இடிக்கும் என் வயிறு கலங்கியது. பாட்டி காரணத்தைத்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறார். மின்சாரம் போனால் மூடியைத் திறக்காமல் கம்பளி போர்த்தி வையுங்கள். சில மணி நேரக் குளிரை முட்டை தாங்கும், பொரிப்பதுதான் தள்ளிப்போகும். தாய்க்கோழியே இரை தின்ன எழுந்து போய்வருகிறதே. குளிரைவிடச் சூடுதான் எமன்: வெப்பம் 40 டிகிரிக்கு ஏறி அங்கேயே நின்றால் எல்லாம் முடிந்தது. சிறிய பெட்டி அதிக மின்சாரம் இழுக்காது. வீட்டு இன்வெர்ட்டர் தாராளமாகத் தாங்கும்.

அடுத்தது பல்பு. பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். அட்டைப் பெட்டியில் பல்பு தொங்கவிட்டால் போதும் என்று படித்து, இருந்த எல்இடி பல்பைத் தொங்கவிட்டோம். ஜெகஜ்ஜோதியாக இருந்தது, சூடுதான் இல்லை. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின. பழைய குண்டு பல்பு தேடி, மின்பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு முழுக்க அலைந்தது தனிக்கதை.

மூன்றாவது, தூசி. இரண்டு, மூன்று வாரம் வைத்துக்கொண்டால் இறகு முளைக்கும்போது பொடி உதிர்ந்து எல்லாவற்றின் மேலும் படியும். எங்கள் அகராதி வரிசை வெள்ளை பூத்துவிட்டது.

12-இல் 7 பொரித்தன. நமக்கு அது பரவாயில்லை என்ற கணக்கு. பிள்ளைகளுக்கு 5 செத்துவிட்டன என்ற கணக்கு. அதில் ஒன்று ஓட்டைக் கொத்தி மூக்கை வெளியே நீட்டிவிட்டு அப்படியே நின்றுபோனது. ஒரு தன்னார்வலர் அதைச் சத்தமில்லாமல் எடுத்துக் குப்பையில் போட்டுவிடலாம் என்றார். அதற்குள் ஒரு சிறுமி அதற்குப் பெயரே வைத்திருந்தாள். "முட்டையிலேயே இறந்துவிட்டது, வெளியே வர அதற்குப் பலம் போதவில்லை" என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள்; முற்றத்துத் துளசிக்குப் பக்கத்தில் புதைத்தோம். 'தூங்குகிறது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எப்போது எழும் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

பிழைத்த ஏழு குஞ்சுகளைத் தெரிந்தவர் ஒருவர் மொட்டை மாடியில் வளர்ப்பதாகச் சொல்லி வாங்கிப்போனார். இரண்டு மாதம் கழித்து அதே சிறுமி, "அவை இப்போது எவ்வளவு பெரிதாக இருக்கும்?" என்று கேட்டாள். நான் விசாரித்தபோது, இரண்டைப் பூனை கொண்டுபோயிருந்தது, மீதி குழம்பாகியிருந்தது. கோழி வளர்ப்பது தின்பதற்குத்தான், அதில் எனக்குக் கோபமில்லை. அந்தக் கேள்வி வரும் என்று முன்பே யோசிக்காததுதான் என் தவறு.

யாருக்கு ஏற்றது: நூலகத்திலேயே இரவு தங்கும் ஆள், இன்வெர்ட்டர், குஞ்சுகளுக்கு உறுதியான இடம் மூன்றும் இருப்பவர்களுக்கு. ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

வழி 2: 18-ஆம் நாள் முட்டை, கடைசி மூன்று நாள் மட்டும்

பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைகள் முதல் 18 நாள் ஒரு எந்திரத்திலும் கடைசி மூன்று நாள் வேறு எந்திரத்திலும் இருக்கும். அந்த மாறும் தறுவாயில் பத்து முட்டையை நாம் வாங்கிவருகிறோம். கூமுட்டைகளை அவர்களே டார்ச் அடித்துக் கழித்திருப்பார்கள். அந்த வயதில் கரு தானே சூடு விடுவதால், துணி சுற்றிய தெர்மகோல் பெட்டியில் ஓரிரு மணி நேரப் பயணத்தைத் தாங்கும். பெரிய எதிரி குளிரல்ல, சாலைப் பள்ளம். ஹொஸ்கோட்டையிலிருந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்த நண்பர் கே.ஆர். புரம் வருவதற்குள் ஓட்டுநரோடு இரண்டு முறை சண்டை போட்டுவிட்டார்.

வந்த மறுநாளே முட்டைக்குள்ளிருந்து சத்தம் வரும். குஞ்சு முதலில் உள்ளே இருக்கும் காற்றறையைத் துளைத்து மூச்சு விடத் தொடங்கும், அப்போதே கீச்சிடும். ஒரு பையன் மூடியில் காதை வைத்துவிட்டு, "அக்கா, உள்ளே யாரோ கூப்பிடுகிறார்கள்" என்றான். பிறகு ஓட்டில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல். அதைச் செய்வது அலகின் நுனியில் இருக்கும் கடுகளவு முட்டைப்பல். சில நாளில் அது உதிர்ந்துவிடும். விரிசலுக்குப் பிறகு அரை நாள், ஒரு நாள்கூட ஒன்றும் நடக்காது. இங்கேதான் பெரியவர்களுக்குக் கை பரபரக்கும். ஓட்டை உரித்து உதவக் கூடாது. உள்ளே ரத்த நாளங்கள் வற்றி, மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படும் நேரம் அது. கடைசியில் பருத்த முனையைச் சுற்றிக் கொத்திக்கொண்டே வந்து, ஒரே உந்தலில் ஓடு இரண்டாகும். வெளியே விழுவது படத்தில் பார்க்கும் மஞ்சள் பந்து அல்ல, நனைந்த பழந்துணி. "சீ, இதுவா?" என்று எழுந்து போன பிள்ளைகள் மூன்று மணி நேரம் கழித்து வந்து, பஞ்சு மாதிரி நிற்பதைப் பார்த்து வேறு குஞ்சு என்று சாதித்தார்கள்.

உள்ளிழுத்த மஞ்சள் கருவே இரண்டு நாளுக்கு உணவு. ஆகவே பொரித்த மறுநாள் குஞ்சுகளைத் திருப்பி அனுப்பலாம். தீவனச் செலவில்லை, தூசி இல்லை.

மறைந்திருக்கும் இடைஞ்சல் இரண்டு. டார்ச் வெளிச்சத்தில் ரத்த நாளம் வளர்வதைப் பார்க்கும் பாக்கியம் போய்விடும். இரண்டாவது பெரிது: வெளியே போய்வந்த குஞ்சைப் பெரிய பண்ணைகள் உள்ளே சேர்க்க மாட்டார்கள். வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழி நோய் ஒரு முறை நுழைந்தால் பண்ணையே போய்விடும் என்ற பயம், நியாயமான பயம். ஆகவே திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் சிறிய வளர்ப்பாளரைத்தான் தேட வேண்டும். விசாரிக்கத் தொடங்க நம் ஊரிலேயே இரண்டு இடங்கள்: கிரிராஜா என்ற கோழி இனத்தை உருவாக்கிய ஹெப்பால் கால்நடைக் கல்லூரி, மற்றது ஹெசரகட்டா பண்ணை. புழக்கடைக் கோழி வளர்ப்பவர்களை அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

யாருக்கு ஏற்றது: குஞ்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒருவர் இரண்டு மணி நேரத் தொலைவில் கிடைத்த எல்லோருக்கும்.

வழி 3: அடைக்கோழி

வெப்பமானி வேண்டாம், இன்வெர்ட்டர் வேண்டாம், திருப்ப ஆள் வேண்டாம். தவிடோ மணலோ பரப்பிய கூடை, பத்து முட்டை, அடையில் உட்கார்ந்த நாட்டுக்கோழி ஒன்று. முட்டைக்காகவே வளர்க்கும் பண்ணைக் கோழிகள் அடை உட்காராது; அந்தக் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள்.

நூலகத்துக்கு இதில் ஒரு சங்கடம். பொரிப்பதைக் காண முடியாது. எல்லாம் இறகுக்கு அடியில் நடக்கும்; எட்டிப் பார்த்தால் கொத்தும். நாற்பது பிள்ளைகள் சுற்றி நின்றால் அடையை விட்டே எழுந்துவிடும். கோழிப்பேன் உண்டு. அடைக்கோழி நாளுக்கு ஒரு முறை எழுந்து போடும் எச்சத்தின் நாற்றத்தை அனுபவித்தவர்கள் அறிவார்கள். இரவில் பெருச்சாளி, பகலில் பூனை. பஞ்சாரம் போட்டு மூடாமல் முடியாது.

ஆனால் பொரித்த பிறகு நடப்பதை எந்தப் பெட்டியும் தராது. தாய் குருணையைக் கொத்திக் கீழே போட்டுக் கூப்பிடுவது, பருந்து நிழல் பட்டால் ஒரு குரலில் எல்லாம் இறக்கைக்குள் மறைவது, முதுகில் ஏறி ஒன்று தூங்குவது. 22-ஆம் நாள் கேள்வியும் இல்லை, தாயும் பிள்ளைகளும் சொந்தக்காரர் வீட்டுக்கே போகும்.

யாருக்கு ஏற்றது: நிழலான முற்றமும், கோழி வளர்க்கும் பக்கத்து வீடும் உள்ளவர்களுக்கு. கோழியை நூலகத்துக்குக் கொண்டுவருவதைவிட, பிள்ளைகளை ஐந்தைந்து பேராக அந்த வீட்டுக்கு அழைத்துப்போவது இன்னும் நல்லது.

வழி 4: கோழியே வேண்டாம்

நூலகத்தில் ஓர் உயிர் மாறுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? பெங்களூர்க்காரர்களுக்கு சில்க் போர்டு என்றால் போக்குவரத்து நெரிசல். அங்கே மத்திய பட்டு வாரியம் இருக்கிறது என்பதும், பக்கத்து ராமநகரம் பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்போனது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியாது. சாக்கி வளர்ப்பு மையத்தில் (பட்டுப்புழுவை இளம்பருவத்தில் வளர்த்துத் தரும் இடம்) இளம்புழு வாங்கினால் மூன்று வாரத்துக்குள் கூடு கட்டிவிடும், அதன்பின் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சி. மருந்து அடிக்காத மல்பெரி இலை நாள்தோறும் வேண்டும்; எறும்பைத் தடுக்கத் தட்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். அம்மாவின் பட்டுப்புடவைக்காகக் கூட்டுக்குள் இருப்பதைக் கொன்றுவிடுவார்கள் என்ற பேச்சும் வந்தே தீரும்.

அதைவிட எளிது, தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி. எலுமிச்சைப் பட்டாம்பூச்சி தானே தேடிவந்து முட்டையிடும். புழு முதலில் பறவை எச்சம் போல இருக்கும், பிறகு பச்சையாகும், தொட்டால் தலையில் ஆரஞ்சுக் கொம்பு நீட்டும். செலவு, சட்னிக்கு இலை கிடைக்காமல் போவது மட்டும். 22-ஆம் நாள் ஜன்னலைத் திறந்தால் போதும். இறந்தாலும் அழுகை குறைவு. இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள், பிள்ளைகள் அப்படித்தான்.

யாருக்கு ஏற்றது: இரவு ஆள் இல்லாத, முற்றம் இல்லாத, மிகச் சிறிய பிள்ளைகள் வரும் நூலகங்களுக்கு.

காணொளி போட்டுக் காட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. காட்டலாம். அதை அவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

| வழி | 22-ஆம் நாள் | இரவுப் பொறுப்பு | பிள்ளைகள் காண்பது |
|---|---|---|---|
| முழு 21 நாள் | நீங்களே இடம் தேட வேண்டும் | 21 இரவு | கரு வளர்வது, பொரிப்பது |
| 18-ஆம் நாள் முட்டை | வளர்ப்பாளரிடம் திரும்பும் | நான்கு, ஐந்து இரவு | பொரிப்பது |
| அடைக்கோழி | சொந்தக்காரர் வீடு | பூனை, பெருச்சாளிக் காவல் | தாயும் குஞ்சும் |
| புழு, பட்டாம்பூச்சி | பிரச்சினை இல்லை | இல்லை | புழு, கூடு, பூச்சி |

மூவருக்கும் சொன்னது

கம்மனஹள்ளி அம்மையாருக்குக் கறிவேப்பிலைத் தொட்டி. அங்கே இரவில் காவலாளி மட்டும்தான், வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் 5 வயதுக்குள். அவருக்குச் சற்று ஏமாற்றம்தான். சந்தையில் விற்கும் வண்ணக் கோழிக்குஞ்சை வாங்கிக் காட்டலாமா என்று கேட்டார். சாயம் பூசிய அந்தச் சேவல் குஞ்சுகள் முட்டைப் பண்ணைக்குத் தேவையில்லை என்று கழிக்கப்பட்டவை, பெரும்பாலும் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று சொன்னேன். தொட்டி வாங்கப் போயிருக்கிறார்.

லிங்கராஜபுரம் ஆசிரியருக்கு அடைக்கோழி. இரண்டு வீடு தள்ளி வளர்க்கிறார்களாம், கேட்டவுடனே சம்மதித்துவிட்டார்கள்.

விவேக் நகர் இளைஞரிடம் இன்குபேட்டர் வாங்குமுன் குஞ்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஆளைத் தேடச் சொன்னேன். பத்து நாள் சத்தமே இல்லை. நேற்று அழைத்தார்: ஆனேக்கல்லில் ஒரு வளர்ப்பாளர் ஒத்துக்கொண்டாராம், பெட்டியையும் அவரே இரவல் தருகிறாராம், எந்தக் கிழமை முட்டை வைக்கச் சொல்வது? சனிக்கிழமை மாலை 5 மணி என்றேன். வைத்த நாளை முதல் நாளாக எண்ணாதீர்கள், ஞாயிறு மாலைதான் ஒரு நாள் முடியும். 18 நாள் முடியும் புதன்கிழமை மாலை போய் எடுத்து வாருங்கள். வெள்ளியன்றே ஓட்டில் விரிசல் விழலாம், சனி, ஞாயிறு பிள்ளைகள் வரும்போது நடக்கும். திங்கள் காலையில் அவர் வண்டி வந்து நிற்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.